பால் படிந்த முன்கண்ணாடி

ஜனவரி 9

அன்புள்ள தங்கைக்கு,

நலம். நீயும் மாப்பிள்ளையும் நலமாக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். உன் கழுத்து வலி குறைந்ததா?

போனில் சொல்லியிருக்கலாமே என்பாய். போனில் சொன்னதற்குச் சாட்சி கிடையாது. நான் ஒன்று சொல்வேன், நீ ஒன்று அனுப்புவாய், கடைசியில் அண்ணன்தான் அப்படிச் சொன்னார் என்று முடியும். எழுத்தில் இருந்தால் யாரும் பேச்சு மாற முடியாது. நீயும் எழுதியே பதில் சொல்.

எனக்கு ஒரு பிக்அப் வண்டி வேண்டும். பழையது இருபத்திரண்டு வருஷம் ஓடித் தீர்ந்துவிட்டது. போன மாதம் புதிதாகக் கட்டும் மாணவர் விடுதிக்கு மாதிரி கொண்டுபோனபோது அதன் வாசல் தூணில் உரசி, பின்னால் நிறுத்தியிருந்த எட்டுக் கண்ணாடித் தகடுகளும் போயின. தூணை அந்த இடத்தில் கட்டியவன் மடையன். நெளிந்ததைத் தட்டி எடுத்துவிடலாம் என்று பட்டறைக்குக் கொண்டுபோனால், அடிச்சட்டத்தையே துரு தின்றுவிட்டது என்று பட்டறைக்காரன் கையை விரித்துவிட்டான்.

ஜூன் முதல் தேதி அந்த விடுதிக்குக் கண்ணாடி போடும் வேலை ஆரம்பமாகிறது. இருநூற்றுப் பன்னிரண்டு சன்னல்கள். அதற்குள் வண்டி வராவிட்டால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வேன் என்று இன்ஜினியர் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டார். இது போனால் அறுபத்தொன்பது வயதுக்காரனுக்கு இனி யாரும் பெரிய வேலை தரமாட்டார்கள். கடையில் உட்கார்ந்து போட்டோவுக்குச் சட்டம் போட்டுக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

நீ முப்பது வருஷமாக வண்டிக் கம்பெனியின் ஆர்டர் பிரிவில் இருக்கிறாய். எனக்கு வேண்டியதை எழுதுகிறேன், அப்படியே போடு. சிங்கிள் கேப், இரண்டே இருக்கை. பின்தொட்டி எவ்வளவு நீளம் கிடைக்குமோ அவ்வளவு. டீசல். கியர் நான் போடுவேன், வண்டி தானாகப் போட வேண்டாம். பின்சக்கரம் இரண்டும் இழுத்தால் போதும். கண்ணாடி ஏற்றியவன் சேற்றில் இறங்க மாட்டான். பின்னால் கனம் தாங்கும் பட்டை ஸ்பிரிங். அது வெற்று வண்டியில் குதிக்கும் என்பார்கள். தொட்டியில் நாலு மணல் மூட்டை போட்டால் அடங்கிவிடும், அது என் வேலை. தொடுதிரை வேண்டாம். வெள்ளை நிறம்.

உன் அண்ணி சுகம்.

இப்படிக்கு,
அண்ணன்

ஜனவரி 27

அன்புள்ள அண்ணாவுக்கு,

வணக்கம். நாங்கள் இருவரும் நலம். கழுத்து வலி அப்படியேதான் இருக்கிறது. கம்ப்யூட்டர் இருக்கும்வரை அதுவும் இருக்கும்.

நீங்கள் கேட்டபடி வண்டி இருக்கிறது. ஆனால் ஆர்டர் போடுவதற்கு முன் மூன்று வகையையும் தெரிந்துகொள்ளுங்கள். சிங்கிள் கேப் என்றால் தொட்டி ஏழரை அடி, ஆனால் கையால் கியர் போடும் வண்டி மட்டும்தான். டபுள் கேப் என்றால் ஐந்து பேர் உட்காரலாம், தொட்டி ஐந்து அடிக்குச் சுருங்கிவிடும். நடுவில் ஒன்றரைக் கேப் என்று ஒன்று இருக்கிறது. முன்னால் இரண்டு இருக்கை, பின்னால் சாமான் வைக்கக் கொஞ்சம் இடம், ஆறடித் தொட்டி. கியர் எப்படி வேண்டுமோ அப்படி. உங்கள் ஊர் ஷோரூமில் போய் ஒவ்வொன்றையும் ஓட்டிப் பாருங்கள். ஓட்டிப் பார்க்காமல் வாங்கியவர்கள் என் மேஜைக்கு முன்னால் வந்து நின்று கத்துவதை முப்பது வருஷமாகக் கேட்கிறேன். அந்த வரிசையில் நீங்களும் வந்து நிற்க வேண்டாம்.

அண்ணி சுகம் என்று எழுதியிருக்கிறீர்கள். எந்த வீட்டில் சுகம்? போன ஞாயிறு உங்கள் மகள் பேசினாள். அம்மா இங்கே வந்து ஆறு வாரம் ஆகிறது அத்தை, உங்களுக்குத் தெரியாதா என்று கேட்டாள். தெரியாது என்று சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது.

இப்படிக்கு,
தங்கை

பிப்ரவரி 11

அன்புள்ள தங்கைக்கு,

நலம். நான் கேட்டது வண்டியைப் பற்றி.

ஷோரூமுக்குப் போனேன். அங்கே ஒரு விற்பனைப் பையன் இருக்கிறான், சட்டைப் பையில் எப்போதும் சீப்பு. பேச்சுக்குப் பேச்சு தலையை வாரிக்கொள்கிறான். ஃபேமிலியோடு போக டபுள் கேப்தான் சார் நல்லது என்றான். நான் ஃபேமிலியை ஏற்றப் போவதில்லை, எட்டடிக் கண்ணாடியை ஏற்றப் போகிறேன் என்றேன். கண்ணாடியைப் படுக்கப் போடுவீர்களா என்று கேட்டான். கண்ணாடி படுத்தால் அதன் கனமே அதை உடைத்துவிடும், அதனால் சாய்வுச் சட்டத்தில் நிற்க வைத்துத்தான் கொண்டுபோவோம் என்று இந்தத் தொழிலின் முதல் பாடத்தை அவனுக்கு நான் நடத்த வேண்டியிருந்தது. டேப்பை எடுத்து அளந்தேன். போதாமல் நானே தொட்டிக்குள் ஏறிப் படுத்துப் பார்த்தேன். டபுள் கேப்பில் என் பாதம் இரண்டும் வெளியே தொங்கியது. அதை அவனிடம் காட்டிக்கொண்டிருந்தபோது ஒரு குடும்பமே நின்று வேடிக்கை பார்த்தது.

பிறகு சிங்கிள் கேப்பை ஓட்டினேன். இன்ஜின் குறை சொல்ல முடியாது. ஆனால் முன்கண்ணாடி மகா மட்டம். பால் ஊற்றிக் கழுவினது போல இருக்கிறது. எதிர்வெயில் பட்டால் ஒன்றுமே தெரியவில்லை. நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். கண்ணாடியைக் கண்ணாடியிடமேதான் கற்றேன். நகத்தால் தட்டித் தடிமன் நாலு மில்லியா ஐந்து மில்லியா என்று சொல்லிவிடுவேன். என்னிடமே இப்படி ஒரு கண்ணாடியை மாட்டி அனுப்புகிறார்கள். சாலைக்கு எதிர்ப்புறம் உள்ள வேறு கம்பெனியின் வண்டியையும் ஓட்டினேன். அதிலும் அதே பால். இரண்டு கம்பெனியும் ஒரே இடத்தில் வாங்குகிறார்கள் போலிருக்கிறது. உங்கள் தலைமை அலுவலகத்தில் சொல்.

உன் அண்ணி மகள் வீட்டில் கொஞ்ச நாள் இருந்துவிட்டு வருவாள். நான் ஒரே ஒரு வார்த்தை சொன்னேன், அதற்குக் கைப்பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். போனவளுக்கு வழி தெரியும்.

இப்படிக்கு,
அண்ணன்

பிப்ரவரி 26

அன்புள்ள அண்ணாவுக்கு,

வணக்கம். சாப்பாடு யார் செய்கிறார்கள்? வேளைக்குச் சாப்பிடுங்கள்.

நீங்கள் சொன்ன அந்த ஒரு வார்த்தை எது என்று அண்ணியிடம் கேட்டேன். முதலில் சொல்லவில்லை. நான் விடாமல் கேட்ட பிறகு சொன்னார். அவர் சொன்னபடியே எழுதுகிறேன், நீங்களே எழுத்தில் வேண்டும் என்கிறீர்களே.

"நான் மூணு தடவ சொன்னேன்மா, தூணு வருது, தூணு வருதுன்னு. தெரியும்னாரு. இடிச்சதும் கொத்தனாரு ஓடி வந்தாரு. அவருகிட்ட, இவ தொணதொணன்னு பேசிக்கிட்டே வந்ததுல கவனம் போயிருச்சுன்னுட்டாரு. முப்பத்தெட்டு வருஷமா கண்ணாடிய அந்தப் பக்கம் புடிச்சது நானு. என் கையில ஒரு தகடு ஒடைஞ்சதில்ல. ஊராள் முன்னாடி என்னால ஒடைஞ்சதுன்னு சொல்லிட்டாரு."

அன்று அங்கிருந்தே பஸ் பிடித்து மகள் வீட்டுக்குப் போயிருக்கிறார். நீங்கள் கூப்பிட்டால்கூட வரப்போவதில்லை, கண்ணை டாக்டரிடம் காட்டிவிட்டு வந்து கூப்பிட்டால் யோசிப்பேன் என்கிறார்.

ஆமாம், கண்ணை. உங்கள் ஊர் ஷோரூமுக்கு நானே போன் போட்டேன். சீப்பு வைத்திருக்கும் பையன்தான் எடுத்தான். நல்ல பையன். நீங்கள் போன பிறகு நான்கு பேரை உட்கார வைத்துப் பார்த்தானாம், கண்ணாடியில் ஒன்றும் இல்லையாம். இரண்டு கம்பெனி, இரண்டு வண்டி, இரண்டிலும் ஒரே பால். பால் எங்கே இருக்கிறது என்று நான் சொல்ல வேண்டுமா? என் வீட்டுக்காரருக்கு இரண்டு வருஷத்துக்கு முன்னால் கண்புரை எடுத்தார்கள். காலையில் போனார், மத்தியானம் வீட்டில் இருந்தார்.

இப்படிக்கு,
தங்கை

மார்ச் 3

தங்கைக்கு,

நலம்.

என் கண்ணைப் பற்றி எழுதாதே. நேற்றுகூட ஒரு ஊசியில் நூல் கோத்தேன். எத்தனையாவது தடவையில் என்பது உனக்குத் தேவையில்லை.

நாத்தனாரும் அண்ணியும் ஒன்று சேர்ந்துவிட்டீர்கள். நல்லது. கண்ணாடியை நான் பார்த்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உனக்கு ஏழு வயது மூத்தவன்

ஏப்ரல் 2

அன்புள்ள அண்ணாவுக்கு,

வணக்கம். ஒரு மாதம் பார்த்தேன், பதில் இல்லை. கோபமாக இருந்தாலும் உடம்பைக் கவனித்துக்கொள்ளுங்கள்.

நான் இப்போது ஆர்டர் பிரிவுக்காரியாக எழுதுகிறேன், தங்கையாக இல்லை. மே கடைசியில் வண்டி கைக்கு வர வேண்டுமானால் ஏப்ரல் முப்பதுக்குள் எல்லாவற்றையும் முடிவு செய்து கையெழுத்துப் போட்டாக வேண்டும். மே மாதம் போட்டால் ஆகஸ்டில்தான் வரும். விடுதி வேலை உங்களுக்கு எவ்வளவு முக்கியம் என்று எனக்குத் தெரியும்.

நான் சொல்வதைக் கேளுங்கள். ஒன்றரைக் கேப், ஆறடித் தொட்டி, ஆட்டோமேட்டிக் கியர். டீசல், வெள்ளை, பின்சக்கரம் மட்டும் இழுப்பது, பட்டை ஸ்பிரிங் எல்லாம் நீங்கள் கேட்டபடியே. சிங்கிள் கேப்பில் ஆட்டோமேட்டிக் கிடையாது என்று முதலிலேயே எழுதினேன். ஒன்றரை அடி குறைகிறது என்பது எனக்கும் தெரியும்.

ஏன் ஆட்டோமேட்டிக் என்று இப்போது கேட்காதீர்கள். முப்பது வருஷத்தில் யாருக்கும் தவறான வண்டியை நான் அனுப்பியதில்லை.

இப்படிக்கு,
தங்கை

ஏப்ரல் 12

அன்புள்ள தங்கைக்கு,

நலம். இடுப்பு கொஞ்சம் பிடித்திருக்கிறது. ஒரு தகட்டைத் தனியாகத் தூக்கிப் பார்த்தேன். ஆறடிக்கு நாலடித் தகடு, இதை ஒருவன் தூக்க முடியாதா என்று ஒரு வீம்பு. தூக்க முடிகிறது. திருப்பத்தான் முடியவில்லை. அந்த முனை எங்கே போகிறது என்று இந்த முனையில் இருப்பவனுக்குத் தெரியாது. மறுபடி சுவரில் சாய்த்து வைக்க அரை மணி நேரம் ஆயிற்று. கூலிக்கு ஒரு ஆளைக் கூப்பிட்டேன். அவன் என்னை இழுக்கிறான். உன் அண்ணி இழுக்க மாட்டாள். நான் எப்போது நகர்வேன் என்று அவளுக்கு முன்கூட்டியே தெரியும்.

இன்னும் மூன்று வண்டிகளை ஓட்டிப் பார்த்தேன், பக்கத்து ஊருக்கும் போய். மொத்தம் ஐந்து. ஐந்திலும் பால் கண்ணாடி. இந்தக் காலத்தில் ஒருவனுக்கும் கண்ணாடி வார்க்கத் தெரியவில்லை. சீப்புப் பையன் நான் கேட்கும்போதெல்லாம் முன்கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துக் காட்டுகிறான். பாவம், அவன்மேல் தப்பில்லை.

ஆட்டோமேட்டிக் பற்றி: முடியாது. ஒன்றரை அடித் தொட்டியைக் கொடுத்துவிட்டு, கியர் போடும் வேலையையும் வண்டியிடம் விட்டுவிட்டு, நான் எதற்கு? இடது காலுக்கு வேலை இல்லாத வண்டியில் ஏறி உட்கார நான் என்ன விருந்தாளியா? காரணம் கேட்காதே என்கிறாய். காரணம் இல்லாத வண்டியை வாங்க எனக்கு வக்கில்லை.

இன்னொன்று. விடுதிக்கு முதல் லோடு கண்ணாடி வந்துவிட்டது. அதுவும் பால். அறுபது தகடுகள், அறுபதிலும். திருப்பி எடுத்துக்கொண்டு போ என்று சொல்லிவிட்டேன். தொழிற்சாலையிலிருந்து ஒரு ஆள் வந்து பார்ப்பானாம். வரட்டும். இன்ஜினியர் முன்னாலேயே காட்டுகிறேன்.

இப்படிக்கு,
அண்ணன்

ஏப்ரல் 21

அன்புள்ள தங்கைக்கு,

உன் பதிலுக்குக் காத்திருக்காமல் எழுதுகிறேன்.

தொழிற்சாலை ஆள் நேற்று வந்தான். கையில் விளக்கு, அளவு பார்க்கும் கருவி எல்லாம் கொண்டுவந்திருந்தான். இன்ஜினியர், அவருடைய குமாஸ்தா, அந்தக் கொத்தனார் எல்லோரும் நின்றார்கள். நான் தகட்டுக்குப் பின்னால் கையை வைத்து, பார், விரல் எப்படி மங்கலாகத் தெரிகிறது என்றேன். அந்த ஆள் பார்த்தான். இன்ஜினியர் பார்த்தார். கொத்தனார் தரையைப் பார்த்தார்.

அப்போது உன் அண்ணி வந்தாள். சரக்குச் சீட்டில் எப்போதும் அவள்தான் கையெழுத்துப் போடுவாள். அதனால் குமாஸ்தா அவளுக்குப் போன் செய்திருக்கிறான், என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நான்கு மாதத்துக்குப் பிறகு பார்க்கிறேன். என்னைப் பார்க்காமல் நேரே கண்ணாடியிடம் போனாள். ஒரு தகட்டின் ஓரத்தைப் பிடித்துச் சாய்த்து வெளிச்சத்தில் பார்த்தாள். இன்னொன்றைப் பார்த்தாள். விரலால் ஒரு கோடு இழுத்து, அந்த விரலைப் பார்த்தாள்.

"தூசிதாங்க. லாரியில வர்ற வழியில நல்லா படிஞ்சிருக்கு. அவரு சொன்னது சரிதான், இப்படியே மாட்டுனா மங்கலாத்தான் தெரியும். நாங்க தொடைச்சுக்கறோம். சீட்டக் குடுங்க, கையெழுத்துப் போடறேன்."

தொழிற்சாலை ஆளுக்கு அது போதுமாக இருந்தது. இன்ஜினியரும் கிளம்பிவிட்டார். வேலை என் கையில்தான் இருக்கிறது.

தங்கையே, அந்தக் கண்ணாடியில் தூசி இல்லை. காலையிலிருந்து மூன்று தடவை நான்தான் துடைத்தேன்.

அவள் கையெழுத்துப் போட்டுவிட்டுத் திரும்பி நடந்தாள். மகளுடைய கார் வெளியே நின்றிருந்தது, அதில் ஏறிப் போய்விட்டாள். மகளாவது இறங்கி வந்து அப்பா என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அவள்தான் ஓட்டினாளா, மருமகன் ஓட்டினாரா என்று கூட எனக்குத் தெரியவில்லை. வெயில் எதிரே இருந்தது.

இப்படிக்கு,
அண்ணன்

ஏப்ரல் 24

அன்புள்ள அண்ணாவுக்கு,

வணக்கம். உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். என் வீட்டுக்காரருக்கும் படித்துக் காட்டினேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

நான் உங்களிடம் ஒரு விஷயத்தை மறைத்துவிட்டேன். அண்ணி சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கியிருந்தார். இப்போது அவரிடம் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன்.

காரில் உங்கள் மகளும் இல்லை, மருமகனும் இல்லை. அண்ணிதான் ஓட்டிக்கொண்டு வந்தார், அண்ணிதான் ஓட்டிக்கொண்டு போனார். ஜனவரியில் டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்தார். முதல் தடவை தேர்வில் தோற்றார், இரண்டாம் தடவை பாஸ் செய்துவிட்டார். இந்த அறுபத்து மூன்று வயதில். போன மாதம் லைசென்ஸ் வந்தது. ஆனால் மகளுடைய காரில்தான் கற்றுக்கொண்டார், அது ஆட்டோமேட்டிக். அதனால் லைசென்ஸும் ஆட்டோமேட்டிக் வண்டிக்கு மட்டும்தான். கையால் கியர் போடும் வண்டியை அவர் தொடக் கூடாது, சட்டப்படி.

எதற்கு இதெல்லாம் என்று நான் அப்போதே கேட்டேன். அவருக்குக் கண் தெரியாம ஒரு நாள் தூணுக்குப் பதிலா ஆள் மேல ஏத்திருவாரு, அதுக்குள்ள நான் கத்துக்கணும் என்றார். அவ்வளவு கோபத்தில் போனவர் முதல் மாதமே போய்ச் சேர்ந்தது அந்த ஸ்கூலில்.

இன்றைக்கு இருபத்து நான்கு. இன்னும் ஆறு நாள் இருக்கிறது. படிவத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். கியர் என்ற இடத்தையும் கேப் என்ற இடத்தையும் காலியாக விட்டிருக்கிறேன். உங்கள் கையெழுத்து இல்லாமல் நான் எதையும் நிரப்ப மாட்டேன்.

இப்படிக்கு,
தங்கை

ஏப்ரல் 28

அன்புள்ள தங்கைக்கு,

நலம். இதைக் கூரியரில் அனுப்புகிறேன். படிவம் உள்ளே இருக்கிறது.

சனிக்கிழமை மகள் வீட்டுக்குப் போயிருந்தேன், பஸ்ஸில். உன் அண்ணி தன் மூக்குக் கண்ணாடியை மாற்றக் கண் டாக்டரிடம் போக வேண்டும் என்றாள். திங்கட்கிழமைதான் டாக்டர் வருவார், துணைக்கு ஆள் இல்லை என்றாள். அங்கேயே இரண்டு நாள் தங்கித் துணைக்குப் போனேன். போன இடத்தில் சும்மாதானே உட்கார்ந்திருக்கிறீர்கள் என்று அந்த டாக்டரம்மா என்னையும் நாற்காலியில் ஏற்றிவிட்டார். உன் அண்ணிக்குப் பழைய கண்ணாடியே போதுமாம். எனக்கு இரண்டு கண்ணிலும் புரையாம். மே ஆறாம் தேதி ஒரு கண்ணுக்குச் செய்கிறார்கள், இன்னொன்று பிறகு. அதுவரை ஸ்டியரிங்கைத் தொடக் கூடாது, தொட்டால் போலீசுக்கு எழுதிவிடுவேன் என்று மிரட்டினார். சின்னப் பெண், ஆனால் எழுத்தில் தருகிறேன் என்றார். அது எனக்குப் பிடித்திருந்தது.

முன்கண்ணாடி பற்றி நான் எழுதியதை எல்லாம் தலைமை அலுவலகத்துக்கு அனுப்பியிருந்தால் திரும்ப வாங்க வேண்டாம். ஐந்து வண்டியும் சேர்ந்தா பொய் சொல்லும்? அறுவைக்குப் பிறகு மறுபடி பார்க்கிறேன்.

படிவத்தில் இரண்டு இடத்தையும் நிரப்பியிருக்கிறேன். ஒன்றரைக் கேப், ஆட்டோமேட்டிக். இதை உன் யோசனைக்காகப் போடவில்லை. ஜூன் முதல் தேதி வேலை ஆரம்பம், லைசென்ஸ் உள்ள ஆள் ஒருவர்தான் இருக்கிறார். ஒன்றரை அடி குறைவதற்குச் சாய்வுச் சட்டத்தையே மாற்றிக் கட்ட வேண்டும். இரும்பு வாங்கி வந்து வரைந்து வைத்துவிட்டேன். தொட்டியின் பின்கதவைத் திறந்துவிட்டு, அதன்மேலும் சட்டம் நிற்கும்படி இரண்டு கால் கொடுக்கப் போகிறேன். யாரிடமும் கேட்டுச் செய்யவில்லை. பட்டை ஸ்பிரிங்கில் மாற்றமில்லை, மணல் மூட்டையிலும் மாற்றமில்லை. தொடுதிரை வேண்டாம் என்று நான் எழுதியதை அடித்துவிட்டு வேண்டும் என்று எழுதியிருப்பது உன் அண்ணியின் கை. பின்பக்கம் பார்க்கும் கேமரா அதில்தான் வருமாம்.

இப்படிக்கு,
அண்ணன்

மே 13

அன்புள்ள அண்ணாவுக்கு,

வணக்கம். ஆபரேஷன் நன்றாக முடிந்தது என்று அண்ணி சொன்னார். சொட்டு மருந்தை வேளை தவறாமல் போட்டுக்கொள்ளுங்கள். கண்ணைக் கசக்காதீர்கள், கனமான எதையும் தூக்காதீர்கள்.

வண்டி மே இருபத்தெட்டாம் தேதி உங்கள் ஊர் ஷோரூமுக்கு வந்துவிடும். சீப்புப் பையன் தானே கொண்டுவந்து வீட்டு வாசலில் நிறுத்துகிறேன் என்று சொல்லியிருக்கிறான். கூடுதல் சாமான்கள் என்ற பக்கத்தில் மட்டும் ஒன்றும் எழுதாமல் விட்டிருக்கிறீர்கள். தொட்டிக்கு ரப்பர் விரிப்பு, மூடி, படிக்கட்டு இப்படி எது வேண்டுமானாலும் இருபதாம் தேதிக்குள் எழுதினால் சேர்த்துவிடலாம்.

அண்ணி வீட்டுக்கு வந்துவிட்டார் என்பதை நீங்கள் எழுதவில்லை. இன்னொன்றையும் நீங்கள் எழுதவில்லை. மீதிச் சன்னல்களை அளந்து பார்க்க இருவரும் விடுதிக்குப் போயிருந்தீர்களாம். கொத்தனார் டீ குடித்துக்கொண்டிருந்தாராம். நீங்கள் அவர் முன்னால் போய் நின்று சொன்னீர்களாம்:

"அன்னிக்கு இவ சொன்னா. மூணு தடவ சொன்னா. எனக்குத்தான் தூணு தெரியல."

கொத்தனார் என்ன சொன்னார் என்று அண்ணியிடம் கேட்டேன். அவருக்கு ஒன்றும் விளங்கவில்லையாம், எந்தத் தூணு என்று கேட்டாராம். நீங்கள் அவரைக் கூட்டிக்கொண்டு போய்த் தூணைக் காட்டினீர்களாம். இதைச் சொல்லும்போது அண்ணி சிரித்தார்.

இப்படிக்கு,
தங்கை

மே 17

அன்புள்ள தங்கைக்கு,

நலம். ஒரு கண் நன்றாகத் தெரிகிறது. வீட்டுச் சுவர் இவ்வளவு அழுக்காக இருக்கிறது என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை.

நீ எழுதியிருந்த கொத்தனார் விஷயத்துக்கும் வண்டிக்கும் சம்பந்தமில்லை. இந்தக் கடிதம் வண்டியைப் பற்றியது.

ரப்பர் விரிப்பு வேண்டாம், என்னிடம் கம்பளி இருக்கிறது. மூடி வேண்டாம். படிக்கட்டு ஓட்டுநர் பக்கம் மட்டும் போதும், உன் அண்ணிக்கு உயரம் எட்டவில்லை.

ஒரே ஒரு சாமான் கட்டாயம் வேண்டும். இதை எழுதுவதற்குக் காரணம் உண்டு. ஆஸ்பத்திரிக்குப் போகவும் வரவும், பிறகு கட்டு மாற்றவும், விடுதிக்கும் என்று மகளுடைய காரில் ஆறு தடவை உன் அண்ணிக்குப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து போய்விட்டு வந்தேன். இதுநாள் வரை நான் அந்தப் பக்கம் உட்கார்ந்ததே இல்லை. அங்கே உட்காருகிறவனுக்கு எப்போது திரும்பும், எப்போது நிற்கும் என்று எதுவும் தெரிவதில்லை. நம் பழைய வண்டியில் அந்தப் பக்கக் கைப்பிடி முதல் வருஷமே கழன்று விழுந்தது. ஒரே ஒரு திருகாணிதான். நான் மாட்டவில்லை. எனக்கு ஸ்டியரிங் இருந்தது. இத்தனை வருஷம் எதைப் பிடித்துக்கொண்டு வந்தாய் என்று அவளைக் கேட்டேன். மடியைத்தான் என்றாள்.

ஆகவே பக்கத்து இருக்கைக்கு மேலே ஒரு கைப்பிடி. கதவுச் சட்டத்தில் ஒன்று, முன்பலகையில் ஒன்று, இரண்டு இடத்திலும் இருந்தால் இன்னும் நல்லது. பிளாஸ்டிக் வேண்டாம், உள்ளே இரும்பு இருக்க வேண்டும். அது இல்லாத வண்டியை நான் கையெழுத்துப் போட்டு எடுக்க மாட்டேன் என்று சீப்புப் பையனிடமும் சொல்லிவிடு.

உன் அண்ணி திருப்பத்தில் வேகத்தைக் குறைப்பதே இல்லை.

இப்படிக்கு,
அண்ணன்